பக்கத்து வேலையும் தெரிந்தவர்

வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: உங்கள் வேலையோடு பக்கத்து வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள். உதாரணம் கேட்டால் பிராக் பவர்ஸைக் காட்டுவேன்.

கலிஃபோர்னியாவின் நாபா ஊர்க்காரர். ஆடுவது அமெரிக்க ஃபுட்பால், இடம் டைட் எண்ட். அந்த இடத்தில் நிற்பவருக்கு இரட்டைச் சுமை. ஒருமுறை எதிரணித் தடியர்களைத் தோள்கொடுத்துத் தடுத்து, பந்தோடு ஓடும் தோழனுக்கு வழி திறக்க வேண்டும். அடுத்த முறை தானே பாய்ந்து ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்துகளை எல்லோரும் எண்ணுவார்கள். தடுத்ததை எண்ண ஆளில்லை. ஆனால் பயிற்சியாளர் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர். அவர் கண்ணில் இரண்டும் படும். அலுவலகத்திலும் கணக்கில் வராத வேலையைக் கவனிக்கும் மேலதிகாரி ஒருவராவது இருப்பார். அவரிடம் பெயர் வாங்குங்கள்.

கொரோனாவால் பள்ளியின் கடைசி ஆண்டில் பவர்ஸுக்கு ஆட்டமே இல்லை. அதற்காக முடங்கவில்லை. 2021 தொடக்கத்திலேயே ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். முதல் சீசனிலேயே 13 டச்டவுன் (எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பந்துகளைப் பிடித்தார். அணி தேசியப் பட்டம் வென்றது. அடுத்த சீசனிலும் வென்றது. பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொன்னாலும் ஓடினார்: கல்லூரி நாட்களில் அப்படி மட்டும் 5 டச்டவுன்.

2022 அக்டோபரில் ஃபுளோரிடாவுக்கு எதிரான ஆட்டம். வந்த பந்தை எதிரணிக்காரர் தட்டிவிட்டார். துள்ளிய பந்தைத் தடுமாறித் தடுமாறிக் கைக்குள் கொண்டுவந்து, அப்படியே எல்லைவரை ஓடினார் பவர்ஸ். 73 யார்டு! கை நழுவியதைக் கடைசிவரை விடாத அந்தப் பிடிவாதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

2023இல் கணுக்காலில் அறுவை சிகிச்சை. ஒரு மாதத்துக்குள் களத்துக்குத் திரும்பினார். இதில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். உடம்பு ஆறும்வரை விடுப்பு எடுங்கள். சிறந்த டைட் எண்டுக்கான ஜான் மேக்கி விருது 2022, 2023 இரண்டு ஆண்டும் அவருக்கே. இருமுறை அதை வென்ற முதல் வீரர் அவர்தான்.

தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணி 13ஆவது ஆளாக அவரை எடுத்தது. முதல் சீசனில் 112 பந்துகள், 1,194 யார்டு. அறிமுக ஆண்டு டைட் எண்டுகளில் 1961இல் மைக் டிட்கா வைத்த 1,076 யார்டு சாதனை, அதோடு முறிந்தது.

நாளைக் காலையே பக்கத்து மேசைக்காரரிடம் போய், அவர் செய்வதில் ஒன்றைச் சொல்லித்தரக் கேளுங்கள்.