மாடிப்படி முறை

காமயகவுண்டன்பட்டியில் என் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து ஜெர்மனி கதை கேட்கிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். நர்சிங் முடித்தவர்கள், மெக்கானிக்கல் முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்கள். விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. 2024 செப்டம்பரிலிருந்து மாணவருக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ. அதை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். இறங்கிய பிறகு எப்படி இருப்பது என்பதை அவர் சொல்லமாட்டார், அவர் போனதில்லை.

நான் 2001ல் போனேன். கம்ப்யூட்டர்காரர்களுக்காக ஜெர்மன் அரசு 2000 ஆகஸ்டில் திறந்த கிரீன் கார்டு வழியில். இந்தியர்களைக் கூப்பிடுவதற்குப் பதில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம் என்று அதே வருஷம் யூர்கன் ரூட்கர்ஸ் என்ற தலைவர் தேர்தலில் முழங்கி, தோற்றும் போயிருந்தார். ஸ்டுட்கார்ட் பக்கத்தில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள எஸ்லிங்கனில் 15 வருஷம் இருந்தேன். பட்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கோ.

1. அம்மா உருக்கிக் கொடுக்கிற நெய்யை வாங்காதே. பால், இறைச்சி சேர்ந்த பண்டங்களை நம் ஊரிலிருந்து பயணி ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. சுங்கத்தில் பார்த்தால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பால்கோவாவும் அப்படியே. வறுத்து அரைத்த குழம்புப் பொடி போதும். மற்றதெல்லாம் அங்கே இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும்.

2. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடு. 'அன்மெல்டுங்' என்பார்கள். அது நடக்காமல் வரி எண் வராது, பாங்கு வேலையும் இழுக்கும். அன்றைக்கே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டிவிடு. பெரும்பாலான கட்டடங்களில் வீட்டுக்கு வீடு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். ஒட்டாமல் விட்டதால் ஒரு மாதத் தபால் எனக்கு வந்த வழியே திரும்பிப் போனது.

எந்தப் பெயரை ஒட்டுவது? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கிற இடத்தில் நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தான் இருக்கும். கம்பம் சந்தையைத் தாண்டி அதிகம் போகாத என் அப்பாவை ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் 'ஹெர்', அதாவது 'திரு' போட்டு 15 வருஷம் கூப்பிட்டார்கள். முதலில் கூச்சம். பிறகு பெருமையாகத்தான் இருந்தது.

3. உன் கதவில் ஒரு பலகை தொங்கினால் கழற்றி உள்ளே வைக்காதே. நான் வைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், கதவுக் குமிழில் சின்ன மரப்பலகை. பிள்ளைகள் யாரோ விளையாடுகிறார்கள் என்று எடுத்து அலமாரியில் போட்டேன். இரண்டு வாரத்தில் மாடிப்படி முழுக்க மண்ணும் சருகும். கீழ்வீட்டு அம்மா, எழுபது தாண்டியவர், நான் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபீசில் கேட்டபோதுதான் விளங்கியது. அது கேர்வோகே, கூட்டும் வாரம். பலகை எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டுக்காரர் அந்த வாரம் படியைக் கூட்டித் துடைத்து, அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். பெரிய முறை வந்தால் நிலவறை, வாசல், நடைபாதை, பனி விழுந்தால் விடிகாலையில் பனி தள்ளுவது வரை. வாரம் ஒருமுறை அவரவர் கழிவை அவரவர் வெளியேற்ற வேண்டும் என்று 1492லேயே ஸ்டுட்கார்ட்டில் விதி போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நகரச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்.

சரி, தப்பைச் சரிக்கட்டுவோம் என்று சனிக்கிழமை இறங்கினேன். நம் ஊரில் வாசல் கழுவுகிற மாதிரி மேல்படியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினேன். அது அழகாகப் படிப்படியாக இறங்கி, அந்த அம்மாவின் கால்மிதியை நனைத்து, கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் போனது. கதவைத் திறந்தார். ஒரு நிமிஷம் தண்ணீரையும் என்னையும் பார்த்தார். உள்ளே போய்த் துணி போட்ட தடி ஒன்றைக் கொண்டுவந்து, முக்கி, பிழிந்து, மூலையிலிருந்து எப்படி இழுப்பது என்று காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தது.

தம்பி, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895ல் வந்ததிலிருந்து நம் கம்பம் பள்ளத்தாக்கே முறையில்தானே ஓடுகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் 1ஆம் தேதி மதகு திறந்தால், யார் வயலுக்கு எப்போது மடை என்று கணக்கு இருக்கிறது. முறை தப்பினவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பலகையை மடைவெட்டியாக நினைத்துக்கொள். அவர்கள் கவிஞர்களைப் படிப்பது, இசையைக் கேட்பது எல்லாம் பிறகு. முதல் வருஷம் படியைக் கூட்டு.

4. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கி வை. சுவரில் துளை போடுவது, காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போடுவது எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஞாயிறு ஓய்வு அவர்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 1919 வைமார் சாசனத்தில் எழுதியதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். இரவு 10க்கு மேல் மிக்சி போடாதே. திருவிழாவில் குழாய் ரேடியோ கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அமைதி முதலில் பயமாகத்தான் இருக்கும்.

5. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதே. ஒருமுறைப் பயன்பாட்டுப் பாட்டில் என்றால் வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் சேர்த்து வாங்கியிருப்பார்கள். கடை மெஷினில் போட்டால் சீட்டு வரும், சீட்டுக்குக் காசு. 2003ல் இந்த முன்பணம் ஆரம்பித்தபோது அங்கே பலர் முணுமுணுத்தார்கள். கோலி சோடா குடித்துவிட்டுக் கடை வாசலிலேயே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து வளர்ந்த எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

6. தமிழ் கேட்காமல் நெஞ்சு அடைத்தால் ரயில் ஏறி ஹாம் நகரத்துக்குப் போ. நிலக்கரி வட்டாரத்து ஓரத்தில் கோபுரத்தோடு நிற்கிறது காமாட்சி அம்பாள் கோயில். 2002ல் குடமுழுக்கு. கோடையில் தேர் ஓடும்போது தேங்காய் உடைகிற சத்தம் கேட்டால் வீரபாண்டித் திருவிழா ஞாபகம் வரும். கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். 1983க்குப் பிறகு வந்து, நமக்கிருந்த விசாவும் சம்பளமும் இல்லாமல் காலூன்றியவர்கள். அவர்கள் பேச்சைக் கேலி செய்யாதே, தாயி. உட்கார்ந்து கேள். நீ படப்போவதை எல்லாம் அவர்கள் இருமடங்கு பட்டிருக்கிறார்கள். வாரா வாரம் அங்கேயே போய்க் கிடக்கவும் வேண்டாம்.

7. மொழியைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித்தான் தமிழைப் பிடித்தார். சில வருஷத்தில் நம் மொழியில் அச்சுப் புத்தகமே போட்டார். எனக்கு விளையாட்டுத் திடலில் உதைபந்துச் சிறுவர்கள். வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஒரு ஜெர்மன், எஸ்லிங்கன் தெருவில் பேசுவது இன்னொன்று. எல்லாச் சொல்லுக்கும் வாலில் ஒரு 'லே' ஒட்டிக் குழந்தையாக்கிவிடுவார்கள். வீடு சின்ன வீடாகும், பூனை குட்டிப்பூனையாகும்.

8. வாசலில் விளக்குமாறு தொங்கினால் உள்ளே போ. திராட்சைத் தோட்டக்காரர் தன் வீட்டிலேயே தன் ஒயினை விற்கிறார் என்று அர்த்தம். 'பேசன்' என்று பெயர், விளக்குமாறுதான். வருஷத்தில் நாலு மாதம், 40 இருக்கை, அதற்கு மேல் அனுமதி இல்லை. நெருக்கி உட்கார வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் எழுந்துவர முடியாது. குடிக்காதவனுக்குத் திராட்சைச் சாறு உண்டு. வீட்டுக்குப் போனில் என்ன சொல்வாயோ அது உன் பாடு.

அந்த மண்ணில் விளையும் சிவப்புத் திராட்சை ட்ரோலிங்கர். நம் பன்னீர் திராட்சைக்கு அது தாய்வழிச் சொந்தம் என்று பிறகுதான் தெரிந்தது. பன்னீரின் புத்தகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ட்ரோலிங்கரையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் கலந்து பிறந்தது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கினோமே, அதே கொடி. கீழ்வீட்டு அம்மாவின் தம்பிக்குச் சரிவில் தோட்டம். கல்லடுக்குப் படிக்கட்டு வயல், பந்தல் கிடையாது, கம்பியில் கட்டின கொடி. பிப்ரவரிக் குளிரில் கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு, வருஷத்துக்கு ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் கவாத்து செய்து நாலே மாதத்தில் பழம், வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும் என்றேன். நம்பவில்லை. கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்கள். எத்தனை கண் விட்டு வெட்டுகிறேன் என்று குனிந்து பார்த்தார்கள்.

அந்த வருஷ அறுப்பு முடிந்த இரவு, பேசனில், ஆறு வருஷமாக 'நீங்கள்' போட்டுப் பேசிய அந்த அம்மா கோப்பையைத் தூக்கி, இனி 'நீ' என்று சொல், பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். அங்கே அதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். நாமாக ஆரம்பிக்கக் கூடாது. எனக்கு நாக்கு வரவில்லை. எழுபத்தாறு வயசு மனுஷியைப் பெயர் சொல்லி, நீ என்று? எங்கள் ஊரில் உங்கள் வயசுக்காரர்களைப் 'பாட்டி' என்போம் என்றேன். சொல்லிப் பார்த்தார், 'ட்' கொஞ்சம் மெலிந்து வந்தது. அடுத்த சனிக்கிழமை மூன்றாம் மாடிச் சிறுவன் படியில் நின்று, பாட்டி, பலகை இப்போது யார் கதவில் என்று கத்தினான்.