தேநீரின் நிறமும் தரமும்

ஐதராபாத்தின் பாலாநகர், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. அங்கு உழைப்போரின் களைப்பைப் போக்குவது ஒரு குவளைத் தேநீர். ‘சாயம் கறுப்பாக இறங்கினால்தான் நல்ல தூள்’ என்பது பலரின் எண்ணம். அது சரிதானா?

பறித்த கொழுந்தை வாட்டி நசுக்கும்போது, அதன் சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நிறம் மாறுகிறது. அப்போது தோன்றும் தியாஃபிளேவின் என்னும் பொருள் பொன்னிறத்தையும் பொலிவையும் தரும். தியாரூபிகின் என்னும் பொருள் செம்பழுப்பு நிறத்தைத் தரும். இவ்வினை அளவு மீறினால் நிறம் அடரும், பொலிவோ குன்றும். ஆகவே, சுவை தேர்வோர் அடர்த்தியை மட்டும் நோக்குவதில்லை. தெளிவையும் பொலிவையும் நோக்குகின்றனர். 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, 6 நிமிடம் ஊறவைத்து வடிப்பர். அளவும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான் நிறங்களை ஒப்பிட இயலும்.

நிறம் வேறுபடப் பிற காரணங்களும் உண்டு. டார்ஜிலிங் தேநீர் வெளிறித் தோன்றினும் மணத்தால் புகழ்பெற்றது. சிறுமணிகளாக உள்ள சி.டி.சி. தூள் விரைவில் அடர்நிறம் தரும். கடினநீரில் நிறம் மங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் வெளுக்கும். ஐதராபாத்தின் இரானி தேநீருக்குரிய வடிநீர் நெடுநேரம் காய்ச்சப்படுவதால் அடர்ந்திருக்கும். அவ்வடர்த்தி காய்ச்சும் முறையால் வந்தது; அதுகொண்டு தூளின் தரத்தை அளத்தல் இயலாது.

அடர்நிறத்தை விரும்பும் மனமே கலப்படம் செய்வோருக்கு வாய்ப்பாகிறது. பயன்படுத்திய தூளை உலர்த்தி, செயற்கைச் சாயம் ஏற்றி விற்போரும் உளர். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளியுங்கள். பின்னர்த் தூளை அகற்றித் தாளை நீரில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். தூய தேயிலை கறை விடாது. சாயமேற்றிய தூள் கரும்பழுப்புக் கறை விடும்.

கண்ணைக் கவரும் நிறம் கருத்தை மயக்கலாம். பார்த்தும் முகர்ந்தும் சுவைத்தும் தெளிவதே அறிவுடைமை.

சொற்பொருள்
கொழுந்து – இளந்தளிர்
பொலிவு – ஒளிமிக்க அழகு
குன்றும் – குறையும்
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி
1. தேநீருக்குப் பொலிவு தரும் பொருள் எது?
2. இரானி தேநீரின் அடர்நிறம் தரத்தைக் காட்டுமா? காரணம் கூறுக.
3. பிரித்து எழுதுக: அடர்நிறம், கொதிநீர், இவ்வினை.
4. உங்கள் வீட்டுத் தேயிலைத் தூளை வடிதாளில் சோதித்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.