நல்வாய்மையும் குரலும்

எண்வகை மார்க்கத்தின் மூன்றாவது அங்கம் நல்வாய்மை. பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கையும் நீக்குதலே அது என்று கற்கிறோம். இவற்றுள் கடுமை என்பது சொல்லில் மட்டும் தங்குவதன்று, குரலிலும் தங்குவது. ‘வா’ என்பது ஓரெழுத்துச் சொல். தாய் தன் குழந்தையை அவ்வாறு அழைத்தால் அது அன்பு. பண்ணையார் முதியவர் ஒருவரை அவ்வாறு அழைத்தால் அதுவே அவமதிப்பு. மனம் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் பிறர் நம் மனத்தை நம் குரலைக் கொண்டே அளக்கின்றனர்.

உதானம் என்னும் பாலி நூலில் பிலிந்தவச்சர் என்னும் தேரரின் வரலாறு காணப்படுகிறது. பகவான் புத்தர் இராசகிருகத்து வேணுவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், இத்தேரர் பிக்குகளை ‘வசலன்’ என்றே அழைத்து வந்தார். இழிந்தவன், சாதியற்றவன் என்பது அச்சொல்லின் பொருள். மனம் வருந்திய பிக்குகள் பகவானிடம் முறையிட்டனர். பகவான் தேரரை அழைத்து வினவ, அவரும் உண்மையென ஒப்புக்கொண்டார். இவர் உள்ளத்தில் வெறுப்பு இல்லை. 500 பிறவிகள் இடையறாது பிராமணக் குலத்தில் பிறந்தமையால் வந்த பழக்கமே இது. ஆதலின் மனக்குறை கொள்ளவேண்டாம் எனப் பகவான் பிக்குகளுக்கு விளக்கியருளினார்.

இதனின்று நாம் அறியவேண்டுவன இரண்டு. ஒன்று, கேட்பவர்க்கு உரியது: கடுங்குரலின் பின்னே பகையற்ற உள்ளமும் இருக்கக்கூடும், ஆராயாமல் சினத்தல் ஆகாது. மற்றொன்று, பேசுபவர்க்கு உரியது: வெறுப்பற்ற தேரரின் உள்ளத்தையே உடனுறைந்த பிக்குகளால் உணர முடியவில்லை. அவருக்காகப் பேசப் பகவான் இருந்தார். நம் உள்ளத்தை ஊராருக்கு எடுத்துரைக்க யார் இருக்கின்றனர்?

மேலும், அப்பழக்கத்தின் வேர் குலத்தில் இருந்ததைப் பகவான் சுட்டினார். சாதிச் செருக்கு மனத்தைவிட்டு நீங்கிய பின்னும் நாவில் எஞ்சி நிற்கும் என்பது இதனால் விளங்கும். தலைமுறை தலைமுறையாக அக்குரலைக் கேட்டு நொந்தவர்கள் நம் முன்னோர். அதே குரலை நாம் வீட்டில் மனைவி மக்களிடமும், தெருவில் துப்புரவுத் தொழிலாளரிடமும் காட்டுவோமாயின், திரிசரணம் ஏற்றும் பழைய கட்டினின்று விடுபட்டவர் ஆகோம். ‘மனத்தில் ஒன்றுமில்லை, வாய்தான் அப்படி’ என்பது விடையாகாது.

நன்மொழிக்கு உரிய ஐந்து இயல்புகளை அங்குத்தர நிகாயம் கூறுகிறது: காலமறிந்து பேசுதல், உண்மை பேசுதல், மென்மையாகப் பேசுதல், பயனுறப் பேசுதல், மைத்திரி உள்ளத்தோடு பேசுதல். இங்கே மென்மையும் மைத்திரியும் வெவ்வேறாக எண்ணப்பட்டிருத்தலைக் கவனிக்க. மைத்திரியின்றி மென்மை மட்டும் இருப்பின் அது வஞ்சகமாகலாம். மென்மையின்றி மைத்திரி மட்டும் இருப்பின் அது பிறரைச் சென்று சேராது. இரண்டும் வேண்டும்.

ஆதலின், இப்பூரணை முதல் அடுத்த பூரணை வரை ஒரு பயிற்சி மேற்கொள்வோம். சினம் எழும்போது, ஒரு மூச்சு உள்வந்து வெளிச்செல்லும் வரை வாய் திறவாதிருப்போம். சிறியோரையும் ஏவலரையும் பெயர் சொல்லித் தணிந்த குரலில் அழைப்போம். ஒவ்வோர் இரவும், இன்று நம் குரல் யாரைச் சுட்டது என்று எண்ணிப் பார்ப்போம். உள்ளத்தில் உள்ள அன்பு செவிக்கும் புலப்படுமாறு பேசப் பழகுவோமாக.