கெரெங்கா ராணி

ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோருக்குக் கெரெங்கா எனும் முசுற்றெறும்பின் கடி புதிதன்று. ஆயினும், ஓலையை அரிக்கும் 'உலாட் புங்குஸ்' புழுவை அவ்வெறும்பு வேட்டையாடுகின்றது. 2013ஆம் ஆண்டில் ஆபத்தான பயிர்ப்பகையென அரசிதழில் அறிவிக்கப்பட்ட புழு அது. ஆகவே, கெரெங்காவை வளர்க்க விழைவோர் ராணியை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மழைக்காலத்தில் பறந்துவந்து இறங்கும் ராணி, வேலைக்கார எறும்பினும் ஏறக்குறைய இருமடங்கு நீளமானது. பசுமை கலந்த பழுப்பு நிறமும் பருத்த வயிறும் உடையது. சிறகு உதிர்ந்திருப்பின் மார்பின் இருபுறமும் தழும்பு தெரியும். எனினும், சிறகு உதிர்ந்தமை மட்டுமே அது கருவுற்றதற்குச் சான்றாகாது.

கண்ணாடிக் குழாயின் அடியில் சிறிது நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைப்போம். உணவு தேவையில்லை, தன் சிறகுத் தசையைக் கரைத்தே முதற் புழுக்களுக்கு அது ஊட்டுகின்றது. அடிக்கடி எடுத்துப் பார்த்தலே பெருங்கேடு (நம் பிள்ளைகளைத் தடுப்பது எளிதன்று!). கலக்கமுற்ற ராணி தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும். சுமார் ஒரு மாதத்தில் வேலைக்கார எறும்புகள் தோன்றியதும் சர்க்கரைநீர்த் துளியும் சிறு பூச்சியும் தரலாம்.

ஒரே குடும்பம் பல மரங்களில் கூடு கட்டினும் ராணி பெரும்பாலும் ஒன்றே. அதனை விட்டுவிட்டு ஏனைய கூடுகளை மட்டும் வேறு மரத்திற்கு மாற்றினால், அவை நாளடைவில் வெறுங்கூடாகிவிடும்.