வெள்ளரிப்பழம்: இரவல் காணியிலும் ஒரு பயிர்

"காணி சொந்தமில்லை. அடுத்த மாரிக்கு இங்கேதான் இருப்போமோ என்பதும் தெரியாது. பிறகு எதற்கு வீட்டுத்தோட்டம்?" இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பல இப்படிக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. தென்னம்பிள்ளை நட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். வாழை குலை தள்ளி முற்ற ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். ஆனால் விதைத்து இரண்டரை மாதத்துக்குள் பலன் தந்து, தன் விதையையும் நம் கையில் தந்துவிட்டுப் போகும் பயிர்களும் உண்டு. அவற்றுள் ஒன்றான வெள்ளரிப்பழத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

இது எந்த வெள்ளரி?

பச்சையாக வெட்டி உண்ணும் சாதாரண வெள்ளரியை நாம் பிஞ்சிலேயே பறிக்கிறோம். வெள்ளரிப்பழமோ முற்றிப் பழுத்து, தோல் தானாக வெடித்த பின்பு உண்ணப்படுவது. உள்ளே வெண்மையாகவோ இளஞ்செம்மஞ்சளாகவோ மாப்போன்ற சதை இருக்கும். தனியே அதிக இனிப்பு இல்லை. சீனியோ பனங்கட்டியோ சேர்த்துப் பிசைந்து உண்பது நமது வழக்கம். பிஞ்சைக் கறியாகவும் சமைக்கலாம்.

பெயர் வெள்ளரி என்றாலும் தாவரவியலில் இது முலாம்பழச் சாதியைச் சேர்ந்தது. சாதாரண வெள்ளரியின் கலங்களில் 14 நிறமூர்த்தங்கள் உண்டு. வெள்ளரிப்பழத்திலும் முலாம்பழத்திலும் 24 உண்டு. ஆகையால் வெள்ளரியும் வெள்ளரிப்பழமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் முலாம்பழத்தோடு இது எளிதில் கலந்துவிடும். விதை எடுக்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்.

வெயிலையும் நீர்க்குறைவையும் ஓரளவு தாங்கும் பயிர் இது. இந்தியாவில் சேகரிக்கப்பட்ட இவ்வகை விதைகளிலிருந்து சாம்பல் நோய், தேமல் வைரசு, அழுக்கணவன் ஆகியவற்றை எதிர்க்கும் குணங்களை ஆய்வாளர்கள் முலாம்பழ இனங்களுக்குப் பெற்றிருக்கிறார்கள். ஏழையின் தோட்டத்து விதை என்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

இடமும் காலமும்

நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் நல்லவை. மாரி மழை ஓய்ந்த பின்பு, தை பிற்பகுதியிலோ மாசியிலோ விதைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் பழம் பழுக்கும். கடும் மழைக்காலத்தில் விதைத்தால் இலை நோய் கூடும், பழமும் அழுகும்.

பயிர் தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். இரவல் காணியானால் உரிமையாளரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். மீள்குடியேறிய காணியானால் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்பதை உறுதிசெய்யாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

கிடங்கும் விதைப்பும்

1. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 அடியாகக் கிடங்கு வெட்டுங்கள். கிடங்குக்குக் கிடங்கு 3 அடி, வரிசைக்கு வரிசை 5 அடி விடுங்கள். ஒரு குடும்பத்துக்கு 6 கிடங்கு போதும்.

2. நன்கு உக்கிய மாட்டெரு ஒரு சிறு கடகம், மேல்மண், கிடைத்தால் பூவரசு அல்லது கிளிசறியாக் குழை ஆகியவற்றை இட்டு மூடி, ஒரு வாரம் ஈரமாக விடுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும், இட வேண்டாம்.

3. விதையை ஓர் இரவு நீரில் ஊறவையுங்கள். கிடங்குக்கு 4 விதையாக, விரல் நகத்தளவு ஆழத்தில் ஊன்றுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மூன்றாவது இலை வந்ததும் திடமான 2 கன்றுகளை விட்டு மற்றவற்றைக் கத்தரித்து விடுங்கள். பிடுங்கினால் அருகிலுள்ள கன்றின் வேரும் ஆடும். இளங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாலும் எளிதில் பிழைப்பதில்லை.

நிலமே இல்லாதவர்கள் பழைய உரப்பையில் எரு கலந்த மண் நிரப்பி, அடியில் துளையிட்டு, பைக்கு ஒரு கன்று வளர்க்கலாம். கொடியை வேலியிலோ நிலத்திலோ படரவிடலாம்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022 இல் விலைகள் ஏறியபோதும், கடை உரத்தையே நம்பியிருந்த தோட்டங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 6 கிடங்குக்கு வேண்டிய எருவை வீட்டுக் குப்பையிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம்.

நீர்

குடிநீருக்கே வரிசையில் நிற்கும் இடத்தில் தோட்டத்துக்கு நீர் எங்கே? அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், சவர்க்காரம் சேராத குளிப்பு நீர் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இரண்டு கிடங்குகளுக்கு நடுவே ஒரு பழைய மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால் அது மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். மண்ணின் மேல் நீர் ஆவியாவது குறையும், களையும் குறையும். கன்றைச் சுற்றி வைக்கோல் அல்லது சருகு பரப்புங்கள். இலையின் மேல் நீர் ஊற்ற வேண்டாம். பழம் பழுக்கத் தொடங்கியதும் நீரைக் குறையுங்கள். அதிக நீர் விட்டால் காலத்துக்கு முன்பே வெடித்துச் சுவையும் கெடும்.

கொழுந்து கிள்ளலும் பூவும்

ஐந்தாவது இலை வந்ததும் நடுக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளிலேயே வருவதால் கிள்ளிய கொடியில் காய் விரைவாகப் பிடிக்கும். முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு பயிர் கெட்டுவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். பூவின் கீழே சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ.

தேனீயே மகரந்தம் சேர்ப்பது. தேனீ வராத இடமானால், காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இது பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை.

பூச்சியும் நோயும்

கன்றுப் பருவத்தில் செம்மஞ்சள் நிறமான பூசணி வண்டு இலையைத் துளைக்கும். அதிகாலையில் அது சோம்பலாக இருக்கும்போது கையால் பிடித்து அழியுங்கள். பனி ஈரம் காயுமுன் இலையில் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவுங்கள்.

பெரும் எதிரி பழ ஈ. அது பிஞ்சில் குத்தி முட்டையிடும். பிஞ்சு உள்ளே புழுத்து அழுகும். பிஞ்சு எலுமிச்சங்காய் அளவாகுமுன்பே பழைய கடதாசியால் உறைபோலச் சுற்றிக் கட்டுங்கள். குத்துப்பட்டு விழுந்த காய்களைக் குப்பையில் எறிய வேண்டாம். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். அல்லது பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். ஒரு வீடு மட்டும் இதைச் செய்து பயனில்லை. அயல் வீடுகளும் சேர்ந்து செய்தால்தான் ஈ குறையும்.

பறித்தல்

விதைத்து ஏறத்தாழ 65 முதல் 80 நாட்களில் பழம் மஞ்சளாகி மணக்கும், தோலில் மெல்லிய கீறல் தோன்றும். முதற் கீறலைக் கண்ட உடனே பறியுங்கள். விட்டுவைத்தால் எறும்பும் அணிலும் முந்திக்கொள்ளும். பறித்த பழத்தை வாழையிலையிலோ ஓலையிலோ சுற்றிக் கட்டி வையுங்கள். மேலும் வெடித்தாலும் சிதறாது.

வெடித்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் நில்லாது, தூரச் சந்தைக்கும் தாங்காது. ஆகவே இது பெருந்தோட்டத்துக்கல்ல, வீட்டுக்கும் அயலுக்கும் தெருவோர விற்பனைக்கும் ஏற்ற பயிர். பெரும்பகுதி நீரே என்பதால் வெயிலுக்கு நல்லது; ஆனால் வயிற்றை நிரப்பும் உணவல்ல. முருங்கையும் பயறும் கீரையும் தோட்டத்தில் இருக்கட்டும். பிஞ்சோ பழமோ கைத்தால் உண்ண வேண்டாம், வயிற்றைக் குழப்பும். அதன் விதையையும் எடுக்க வேண்டாம்.

விதையே முதல்

1990 இல் வடக்கை விட்டுப் புத்தளம் போனவர்கள், 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009 வரை வன்னிக்குள்ளே இடம் மாறி இடம் மாறி ஓடியவர்கள், இவர்களுள் பலருக்கு விதை கட்டி எடுக்க நேரம் இருக்கவில்லை. வீட்டோடு விதையும் போயிற்று. கடையில் வாங்கும் கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் முளைக்காது. ஒவ்வொரு முறையும் காசு வேண்டும். உள்ளூர் வெள்ளரிப்பழ விதை அப்படியல்ல.

வறிய வீட்டில் முதற் பழத்தை உண்பதா, விற்பதா, விதைக்கு விடுவதா என்பது சிறிய கேள்வியல்ல. சாதாரண வெள்ளரியில் விதைக்கு விட்ட காய் உண்ண உதவாது. வெள்ளரிப்பழத்திலோ பழம் உண்ணும் பதம் வரும்போதே விதையும் முற்றிவிடுகிறது. சதை பிள்ளைகளுக்கு, விதை போத்தலுக்கு. இரண்டில் ஒன்றை இழக்க வேண்டியதில்லை.

1. நோயில்லாத, நன்கு காய்த்த 3 கொடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பழத்துக்கு நூல் கட்டி அடையாளமிடுங்கள். இவற்றை விற்க வேண்டாம்.

2. அயலில் முலாம்பழம் இருந்தால், மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் அரும்புகளை மாலையிலேயே நூலால் மெதுவாகக் கட்டுங்கள். காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள்.

3. விதையை வழுவழுப்போடு சிறிது நீரில் ஒரு நாள் வைத்துப் பின் கழுவுங்கள். மிதக்கும் சப்பை விதையை நீக்குங்கள். துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் முறியும் விதையே உலர்ந்த விதை.

4. ஈரமில்லாத போத்தலில் உலர்ந்த சாம்பலோடு இட்டு இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். ஒரு பங்கை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டுக்கு ஆபத்து வந்தாலும் மறு வீட்டில் விதை இருக்கும்.

5. அடுத்த விதைப்புக்கு முன் 10 விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். 8 முளைத்தால் நல்ல விதை.

எகிப்தை விட்டுப் பாலைநிலத்தில் அலைந்த மக்கள் அங்கே உண்ட வெள்ளரியை நினைத்து அழுததாக எண்ணிக்கை நூலின் 11 ஆம் அதிகாரம் சொல்கிறது. அது இன்றைய வெள்ளரியல்ல, முலாம்பழச் சாதியின் நீண்ட காய் என்று தாவர ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஊரை இழந்தவர்களுக்கு ஊர்க் காயின் நினைவு எத்தனை பெரிது என்பது நமக்குப் புதிதல்ல. நினைவோடு ஒரு பிடி விதையும் இருந்தால், போகும் இடத்தில் அந்த ஊரின் ஒரு பங்கு மீண்டும் முளைக்கும்.

கலந்துரையாட

1. நமது ஊரில் இருந்து இப்போது காணாமற்போன மரக்கறி, பழ விதைகள் எவை? அவை எந்த வீட்டிலாவது இன்னும் உண்டா?

2. பழ ஈயை அடக்க நமது பகுதியில் எத்தனை வீடுகள் ஒன்றுசேர வேண்டும்? யார் தொடங்குவது?

3. ஒவ்வொரு குடும்பமும் ஒரு விதையைப் பொறுப்பேற்றால் நம் குழுவில் எத்தனை வகை விதைகளைக் காப்பாற்றலாம்?