நெசவுக்கூடத்தின் கோப்புப் பண்டாரம்

தென்னேரியிலும் அதைச் சூழ்ந்த காஞ்சி வட்டாரத்து நெசவூர்களிலும், முற்காலத்தில் கட்டத்தாளில் எழுதப்பெற்ற கரையும் முந்தானையும் புட்டாவும் இக்காலத்தில் கணினியில் படக்கோப்புகளாக உருவாகி, அவற்றிலிருந்தே ஜாக்கார்டு அட்டைகள் அடிக்கப்படுவதால், ஒரே டிசைனின் பல பிரதிகள் பென்டிரைவிலும் கைப்பேசியிலும் திரிந்து, திருத்தப்பட்ட பிரதி எதுவெனத் தெரியாமல் பழையதற்கே அட்டை அடித்துவிடும் விபரீதம் நேரக்கூடும். எல்லோரும் அணுகத்தக்க ஓரிடத்தில் ஒரே பிரதியை வைப்பதே இதற்குப் பரிகாரம். 1991 டிசம்பரில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா என்னும் இலவச மென்பொருள், லினக்ஸ் கணினியிலுள்ள கோப்புறையை விண்டோஸ் கணினிகளும் திறந்து பயன்படுத்துமாறு செய்து, இத்தகைய பண்டாரத்தை அமைக்க உதவுகிறது.

1. உரிமையை வகுத்தல். ஏரி எவ்வளவு நிறைந்திருப்பினும் எந்த வயலுக்கு நீர் போகும் என்பதை மதகே நிர்ணயிப்பதுபோல, பண்டாரத்தின் பயன் உரிமைப் பங்கீட்டையே சார்ந்தது. ஆகவே, டிசைன் எழுதுவோர் மாற்றலாம், அட்டை அடிப்போரும் நெய்வோரும் பார்க்க மட்டும் செய்யலாம் என்ற பட்டியலை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்க.

2. கணினி. டெபியன் அல்லது உபுண்டு நிறுவிய பழைய மடிக்கணினியே போதும்; மின்தடையில் அதன் பாட்டரி கைகொடுக்கும். மூடியை மூடினாலும் உறங்காதவாறு அதை அமைத்து, ரவுட்டரில் அதற்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குக.

3. நிறுவுதல். டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சாம்பா’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இடுக. பிறகு ‘டிசைன்’ என்றொரு குழுவையும் ஒரு கோப்புறையையும் உண்டாக்கி, கோப்புறையை அக்குழுவுக்கு உரியதாக்கி, ‘சிஎச்மாட்’ கட்டளையால் 2775 என்னும் அனுமதியைக் கொடுக்க. முதலிலுள்ள 2 என்ற எண்ணே, இனி அதனுள் பிறக்கும் கோப்புகள் யாவும் குழுவுக்கே உரியவையாகும்படி செய்வது.

4. அமைப்புக் கோப்பு. ‘எஸ்எம்பி.கான்ஃப்’ கோப்பின் இறுதியில், சதுர அடைப்புக்குள் பண்டாரத்தின் பெயரையும், அதன்கீழ் கோப்புறையின் பாதையையும் எழுதி, ‘ரீட் ஒன்லி’ என்பதற்கு ‘எஸ்’ என்றும், ‘ரைட் லிஸ்ட்’ என்பதற்கு ‘@’ குறியுடன் குழுவின் பெயரையும் இடுக. ‘கிரியேட் மாஸ்க்’ 0664 எனவும், ‘டைரக்டரி மாஸ்க்’ 2775 எனவும் குறிப்பிடத் தவறினால், ஒருவர் சேர்த்த கோப்பை அவருடைய சக டிசைனர் திருத்த இயலாது போகும்.

5. பயனர். ஒவ்வொருவருக்கும் முதலில் லினக்ஸ் கணக்கும், பின்னர் ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையால் தனிக் கடவுச்சொல்லும் அளித்து, டிசைன் எழுதுவோரை மட்டும் குழுவில் சேர்க்க. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பங்கிட்டுக்கொண்டால், வகுத்த உரிமை அனைத்தும் வியர்த்தமாகும்.

6. காவல். ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையால் பிழை பார்த்து, சாம்பாவை மறுபடி இயக்குக. 445 என்னும் போர்ட்டை உள்வலையமைப்புக்கு மட்டுமே திறந்துவைத்தல் வேண்டும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்னும் தீநிரல் இந்த வாயிலின் வழியாகவே பரவியது. வெளியூரிலிருந்து அணுகுவது அவசியமானால், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டும் பிரவேசிக்கலாம்.

7. இரண்டாம் பிரதி. பகிர்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. பண்டாரத்தில் அழிந்த கோப்பு எல்லோருக்கும் அழிந்ததே. அதே டிரிட்ஜெல் பால் மெக்கராஸுடன் இணைந்து 1996-ல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் கருவியால், வெளி ஹார்டு டிஸ்க்கில் தேதியிட்ட பிரதிகளை எடுத்து, டிஸ்க்கை வேறொரு வீட்டில் வைப்பது உசிதம்.

நிறைவாக, பார்க்க மட்டும் உரிமையுள்ள ஒருவர் கணக்கில் நுழைந்து ஒரு கோப்பை அழிக்க முயன்று பார்க்க. அது மறுக்கப்பட வேண்டும். பிறகு, டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க. அது திறக்க வேண்டும். இவ்விரண்டும் தேறிய பின்னரே பென்டிரைவுகளிலுள்ள பழைய பிரதிகளை அழிக்கலாம்.