எட்டுப் பொத்தானில் எட்டுச் சுரம்

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதிர்வெண்ணின் வரையறையைத் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். அந்த எண் மாறினால் காதுக்கு என்ன கேட்கும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். திருச்சுழிப் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கும் நாள்களில் வருகையும் குறையும். விட்டு விட்டு வரும் பிள்ளைக்குச் சூத்திரம் நிற்பதில்லை. காதால் கேட்டது நிற்குமா என்று பார்க்கவே இந்தப் பாடத்தைத் திட்டமிட்டேன்.

கருவி, அருப்புக்கோட்டைப் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு ‘டிவி கேம்’. நம்மில் பலர் 1990களில் கேசட் செருகி மரியோ ஆடியது இதில்தான். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் இது. உள்ளே ஐந்து ஒலித்தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. சதுர அலை நாயனம்போலக் காரமாக ஒலிக்கும். முக்கோண அலை குழல்போல மெத்தென்றிருக்கும். வெளிநாடுகளில் இத்தகைய பழைய கருவிகளில் கச்சேரியே செய்கிறார்கள். கேம்பாய் கருவிக்கென நானோலூப் என்னும் இசை மென்பொருள் 1998இலேயே வந்துவிட்டது.

பாலிடெக்னிக் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் சிறிய நிரல் எழுதி, பழைய கேசட்டின் நினைவகச் சிப்பை மாற்றித் தந்தார். கைப்பிடியில் இருப்பவை எட்டுப் பொத்தான்கள்: திசைக்கு நான்கு, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட். ச முதல் மேல் ச வரை சுரங்களும் எட்டு!

இனிக் கணக்கு. நம் டிவிக்கேற்ற நகல்களில் சிப்பின் துடிப்பு நொடிக்குச் சுமார் 17,73,400. சதுர அலைத் தடம் அதை 16ஆல் வகுத்து, பிறகு நாம் தரும் எண்ணாலும் வகுக்கிறது. அதாவது அதிர்வெண் = 1,10,840 ÷ எண். (சிப்பில் எழுதும்போது ஒன்று குறைத்து எழுத வேண்டும், அது நிரலின் வேலை.) எண் 360 என்றால் 308 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ இரண்டரைக் கட்டை. எண் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு. ஏழாம் வகுப்பில் படித்த எதிர் விகிதம் பொத்தானை அழுத்தியதும் கேட்கிறது.

சங்கராபரண வரிசைக்கான எண்கள்: 360, 320, 288, 270, 240, 216, 192, 180. இவற்றைக் கரும்பலகையில் எழுதியபோது, பத்து நாள் பழம் பறிக்கப் போய்விட்டு அன்றுதான் வந்திருந்த மாணவி கேட்டாள்: “ஏன் சார் 360? 300ன்னு வெச்சா சுளுவா இருக்குமே?”

வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரி வருவது சவின் 8/9 பங்கில், 300க்கு 266.67. சிப்போ முழு எண்ணை மட்டுமே ஏற்கும். மற்ற சுரங்களின் பங்குகள் 4/5, 3/4, 2/3, 3/5, 8/15, 1/2. பகுதிகளுக்கு மீ.சி.ம. காணும் யோசனை அவளுடையதே. விடை 180. அப்படியானால் 180இன் மடங்கு எதுவும் ஒத்துவரும் என்று அவளே சொன்னாள். மீ.சி.ம. எதற்கு என்ற கேள்வி அதன்பின் அந்த வகுப்பில் எழவில்லை. ம, நி இரண்டையும் விட்டு வாசித்தால் மோகனம் என்றதும் பின்வரிசை கைப்பிடிக்கு அடித்துக்கொண்டது.

நாகசுரக் குடும்பத்துப் பையனுக்கு மட்டும் திருப்தியில்லை. “சுரம் கட்டையா நிக்குது சார், அசையவே மாட்டேங்குது.” சரியான குறை. நம் டிவிக்குப் படம் நொடிக்கு 50 முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணையும் 288, 285, 288, 291 என மாற்றினால் காந்தாரம் அசையும். எவ்வளவு அசைய வேண்டும் என்பதைச் சூத்திரம் சொல்லாது, அந்தப் பையன்தான் சொன்னான். நிரல் இரண்டு முறை திருத்தப்பட்டது. இன்னும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

கேசட் செய்ய வழியில்லாதவர்கள் மடிக்கணினியில் ஃபேமிட்ராக்கர் என்னும் இலவச மென்பொருளில் இதே ஒலிகளைக் கேட்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் பலகையில் ஒரு கம்பியை 72 செ.மீ. நீளத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். 64, 57.6, 54, 48, 43.2, 38.4, 36 செ.மீ.களில் கட்டை கொடுத்து மீட்டினால் அதே எட்டுச் சுரம். கருவியைத் திறக்கும்போது மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய படக்குழாய் டிவியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். ஒலிக்கம்பியைச் சிறிய ஒலிபெருக்கியில் செருகினால் டிவியே தேவையில்லை.